அரை விரல் தூரத்தில் காணாமல் போன 0.4 வோல்ட்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கணக்கு, ஸ்டாக், சம்பளப் பட்டியல் எல்லாமே அங்கே ஒரே ஒரு சர்வரில்தான் ஓடுகின்றன. 2011-ல் வாங்கியது. இரண்டு இன்டெல் ஜியான் எக்ஸ் 5650 பிராசசர்கள், ஒவ்வொன்றிலும் ஆறு கோர், டவர் கேபினெட், உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் ஒற்றை எஸ்எம்பிஎஸ். புதுசு வாங்கலாம் என்று வருடா வருடம் பேச்சு வரும். அப்புறம் ஏதாவது ஒரு மிஷினுக்கு உதிரிபாகம் முக்கியமாகிவிடும், இது தள்ளிப்போகும். முதலாளி செய்வது தப்பு என்று நான் நினைத்ததில்லை. ஓடுகிற பொருளை ஓடவிடுவதுதான் மில்லின் வழக்கம். ஓடவைப்பது என் வேலை.

2023 மார்ச் மாதக் கடைசியில் அது தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. தினமும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது, ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்கும்போது, திடீரென்று திரை கறுக்கும், மூன்று நிமிடம் கழித்துத் திரும்ப எழுந்து நிற்கும். லாக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஒரு வரி பாதியில் நின்றிருக்கும், அடுத்த வரி புதிதாக பூட் ஆன செய்தி. லினக்ஸில் மென்பொருள் குழப்பம் என்றால் பெரும்பாலும் விழுவதற்கு முன் ஏதாவது புலம்பிவிட்டுத்தான் விழும். மெமரியோ பிராசசரோ பிழை கண்டாலும் எம்சிஇ என்ற வன்பொருள் பிழைக் குறிப்பு ஒன்று தடயமாகக் கிடைக்கலாம். தடயமே இல்லாமல் வரி பாதியில் அறுந்திருந்தால் முதலில் கரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது எனக்கு அப்போதே தெரியும். யுபிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. சரி, உள்ளே வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் வழி தவறினேன்.

உள்ளே இருக்கும் வோல்டேஜ்களைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் என்ற நிரலை நிறுவி ஓட்டியதும் திரை நிறைய எண்கள் வந்தன. ஒரு வரியில் மைனஸ் 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 14-க்கு மேல், பக்கத்தில் அலாரம். இன்னொரு வரியில் 5 வோல்ட் என்று பெயர் போட்டு 3 சொச்சம். முதல் பிராசசரின் விகோர், அதாவது கோர்களுக்குப் போகும் வோல்டேஜ், 0.95. இன்டெல் இந்த பிராசசருக்குக் கொடுத்திருக்கும் வரம்பு 0.75 முதல் 1.35 வோல்ட் வரை. நான் அந்த 1.35-ஐ மட்டும் மனதில் பிடித்துக்கொண்டேன். பிராசசருக்கு வோல்டேஜ் போதவில்லை, அதனால்தான் விழுகிறது என்று முடிவுகட்டிவிட்டேன்.

அந்த மூன்று எண்களுமே எந்தக் கோளாறையும் சொல்லவில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய சர்வர் வைத்திருக்கும் எல்லோரும் முதலில் இடறுவது இங்கேதான்.

மதர்போர்டில் வோல்டேஜ் அளக்கும் சிப் ஒன்று இருக்கும். பழைய போர்டுகளில் வின்பாண்ட், 2008-ல் அதிலிருந்து பிரிந்த நுவோட்டான், அல்லது ஐடிஇ செய்த சிப்பாகப் பெரும்பாலும் இருக்கும். அந்த சிப் நேராக அளக்கக்கூடியது மிகச் சிறிய வோல்டேஜ்தான். பல சிப்களில் 2.048 வோல்ட்தான் எல்லை. ஒரு பைட்டில் 256 படி, படிக்கு 8 மில்லிவோல்ட், பெருக்கினால் 2.048. அப்படியானால் 12 வோல்ட்டை எப்படி அளக்கும்? போர்டு செய்தவர் இரண்டு ரெசிஸ்டர் வைத்து 12-ஐப் பங்கு போட்டு, அதில் ஒரு சிறு பங்கை மட்டும் சிப்புக்குக் காட்டுகிறார். திரும்ப எத்தனையால் பெருக்கினால் 12 வரும் என்பது அந்த ரெசிஸ்டர்களின் மதிப்பைப் பொறுத்தது. சிப்புக்கு அது தெரியாது. சென்சார்ஸ் நிரலுக்கும் தெரியாது. ஏதோ ஒரு போர்டுக்கு எழுதிய கணக்கை உங்கள் போர்டுக்கும் போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். என் போர்டில் அந்த 5 வோல்ட் வரியில் உண்மையில் இணைந்திருந்தது 3.3 வோல்ட் லைன். மைனஸ் 12 என்று காட்டிய சிப்பின் காலில் எதுவுமே இணைக்கப்படவில்லை. எதுவும் தொடாத கால் தன்னிஷ்டத்துக்கு ஒரு எண்ணைக் காட்டும், அதற்கு அலாரமும் அடிக்கும்.

அதனால் இப்போது எந்தப் பழைய போர்டுக்குப் போனாலும் முதலில் ரீஸ்டார்ட் செய்து, போர்டின் சொந்த அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைகிறேன். அங்கே வோல்டேஜ் பக்கத்தில் தெரிவதை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். போர்டு செய்தவருக்குத் தன் ரெசிஸ்டர் என்னவென்று தெரியும், ஆகவே பயாஸ் கணக்கு பெரும்பாலும் சரியாக இருக்கும். அப்புறம் லினக்ஸில் வரும் எண்களோடு ஒத்துப் பார்த்து, எந்த வரி எது என்று பெயர் வைக்கிறேன், பெருக்கும் எண்ணைத் திருத்துகிறேன், எதோடும் சேராத வரிகளைக் காட்டாதே என்று சென்சார்ஸ் கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடுகிறேன். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் சென்சார்ஸ் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

சர்வர் போர்டாக இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. போர்டிலேயே தனியாக உட்கார்ந்திருக்கும் பிஎம்சி என்ற குட்டிக் கம்ப்யூட்டரை, அதனோடு பேசுவதற்கென்றே உள்ள ஐபிஎம்ஐ என்ற முறை வழியாகக் கேட்கலாம். போர்டு செய்தவரே பெயரும் கணக்கும் எழுதி வைத்திருப்பார். ஐபிஎம்ஐடூல் கட்டளையில் சென்சார் என்று கேட்டால் ஒவ்வொரு வரியிலும் இப்போதைய எண், நிலை, பிறகு ஆறு எல்லைகள் வரும். கீழே மூன்று, மேலே மூன்று. சில கம்பெனி சர்வர்களில் விகோருக்கு எண்ணே கிடைக்காது, நன்றாக இருக்கிறது, இல்லை என்ற இரண்டே பதில்தான். அங்கே ஆராய்ச்சிக்கு அதிகம் வழியில்லை.

விகோர் 0.95 விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண் சரியான எண்தான், நான் புரிந்துகொண்டதுதான் தப்பு. பிராசசர் தனக்கு எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்று நேரத்துக்கு நேரம் தானே கேட்டு வாங்குகிறது. விஐடி என்று ஒரு எண்ணை அனுப்பும்; பக்கத்தில் இருக்கும் விஆர்எம் சர்க்யூட் 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கிக் கொடுக்கும். வேலை இல்லாதபோது எக்ஸ் 5650 தன் வேகத்தை 2.66 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.6-க்கு இறக்கிக்கொள்ளும், வோல்டேஜும் கூடவே இறங்கும். நான் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரும் வேலை செய்யாத நேரம். 0.95 என்பது தூங்கும் பிராசசரின் எண்.

முழு வேலை கொடுத்துப் பார்த்தபோது முதல் பிராசசர் 1.104, இரண்டாவது 1.160. ஒரே மாடலில் இரண்டுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று அதற்கும் பயந்தேன். ஒவ்வொரு சிப்புக்கும் எவ்வளவு வோல்டேஜ் தேவை என்பதைத் தொழிற்சாலையிலேயே சோதித்து அதற்குள் எழுதிவிடுகிறார்கள். ஒரே அச்சில் வார்த்தாலும் சிலிக்கான் ஒன்றுபோல் இருக்காது. பக்கத்துப் பிராசசரோடு ஒப்பிடுவதில் பயனில்லை; அதே பிராசசர் போன மாதம் இதே வேலைக்கு எவ்வளவு காட்டியது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

வேலை கூடக் கூட விகோர் கேட்டதைவிடக் கொஞ்சம் இறங்குவதும் கோளாறில்லை. 95 வாட் பிராசசர் 1.1 வோல்ட்டில் ஓடினால் ஏறக்குறைய 80 ஆம்ப் இழுக்கும். பல வீடுகளின் மெயின் எம்சிபியே 32 ஆம்ப்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் பெருமை புரியும். பாதையில் ஒரே ஒரு மில்லி ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொண்டாலும் 80 ஆம்ப்புக்கு 80 மில்லிவோல்ட் இறங்கும். விஆர்எம் வேண்டுமென்றே இப்படி இறங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று வேலை நின்று கரண்ட் குறையும்போது வோல்டேஜ் எகிறாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். லோட் லைன் என்று இதைச் சொல்வார்கள்.

இன்னொன்று. என் சர்வரில் விகோர் 0.952, 0.960, 0.968 என்று 8 மில்லிவோல்ட் படிகளில்தான் நகரும். இடையில் உள்ள எதையும் காட்டாது. 12 வோல்ட் வரி 53 மில்லிவோல்ட் படியில் நகரும்: 11.925, 11.978, 12.031. ஒரு படி ஏறி இறங்கினால் அதற்கு அர்த்தமே இல்லை. மூன்று தசம ஸ்தானம் தெரிவதால் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதெல்லாம் இப்போது கோர்வையாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிராசசர் பழுது என்று முடிவெடுத்து, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் சொல்லிவைத்து, பழைய எக்ஸ் 5650 இரண்டு வாங்கினேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டின் எல்லா இணைப்புகளையும் பிடுங்கி, ஹீட்சிங்கைக் கழற்றி, உள்ளே அடைந்திருந்த பஞ்சை எல்லாம் புளோயரால் ஊதி, புது பேஸ்ட் போட்டு மாட்டினேன். மில்லில் பஞ்சுத் தூசி எங்கேதான் நுழையாது. ஹீட்சிங்க் இடுக்கில் தலையணை உறை தைக்கலாம் போல அடர்த்தியாக இருந்தது.

சர்வர் சரியாகிவிட்டது. ஏப்ரல் சம்பளம், மே சம்பளம், ஜூன் சம்பளம், ஒரு தடங்கலும் இல்லை. முதலாளியிடம் பிராசசர்தான் பழுது, மாற்றியாயிற்று என்று உறுதியாகச் சொன்னேன்.

ஜூலை 31 இரவு சம்பளப் பட்டியல் ஓடும்போது பழையபடி விழுந்தது. மறுநாள் இரண்டு முறை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானூறு பேரின் சம்பளம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மில் வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகள், ஒண்ணாம் தேதி பணம் ஏறினால்தான் ஊருக்கு அனுப்ப முடியும். இந்தத் தடவை எதையும் மாற்றுவதில்லை, முதலில் பதிவு செய்வோம் என்று தீர்மானித்தேன். ஒவ்வொரு பத்து நொடிக்கும் ஐபிஎம்ஐ சொல்லும் எல்லா வோல்டேஜையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும்படி பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட். கூடவே சிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற எண்ணும். மூன்று நாள் ஓடவிட்டு அதை வரைபடமாகப் போட்டேன்.

விகோர் இரண்டும் நல்ல பிள்ளையாக இருந்தன. வேலை வந்தால் ஏறின, முடிந்தால் இறங்கின. 3.3, 5 இரண்டும் ஆடவில்லை. 12 வோல்ட் வரி மட்டும் சும்மா இருக்கும்போது 11.978, வேலை ஏறினால் 11.554. சிபியு கோடு மேலே போகும் ஒவ்வொரு இடத்திலும் 12 வோல்ட் கோடு கண்ணாடியில் பார்த்ததுபோல் கீழே போயிற்று. ஐபிஎம்ஐ அந்த வரிக்கு எப்போதும் ஓகே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதில் தப்பும் இல்லை. என் போர்டில் 12 வோல்ட்டுக்குக் கீழ் எல்லை 10.706-ல்தான் தொடங்குகிறது. எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் வரை குறையலாம், அதாவது 11.4 வரை. ஆகவே 11.554 விதிக்குள்தான் இருந்தது. ஆனால் 0.42 வோல்ட் தாவல், அதுவும் எட்டுப் படி. இது படி ஆட்டம் இல்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று நினைத்தேன். பன்னிரண்டு வயசு எஸ்எம்பிஎஸ்ஸில் எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் காய்ந்து போவது சகஜம். பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. புதுசு ஒன்று ஆர்டர் போடக் கையில் போனை எடுத்துவிட்டேன்.

அப்போது மில்லின் எலக்ட்ரீஷியன் அண்ணன் கணக்கு அறைக்கு வந்திருந்தார். முப்பது வருடமாக அந்த மில்லின் மோட்டார்களோடு வாழ்பவர். வரைபடத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"இது எந்த எடத்துல அளந்ததுங்க தம்பி?"

"போர்டுல அண்ணா."

"அப்ப சப்ளை கிளம்பற எடத்துல?"

பார்க்கவில்லை என்றேன்.

"அதப் பாக்காம எப்படிங்க சப்ளையக் குத்தம் சொல்றது? மோட்டார்ல டெர்மினல் லூசா இருந்தா பேனல்ல 415 நிக்கும், மோட்டார் கிட்ட 390 இருக்கும். சும்மா நிக்கறப்பப் பாத்தா ரெண்டுலயும் 415 காட்டும். லோடு ஏத்திட்டு ரெண்டு பக்கமும் வெச்சுப் பாருங்க."

இவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருடம் சர்வர் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

அன்று மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவரே தன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்தார். மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் நுனியில் 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றினோம். இதைத் தவிர்க்கவே கூடாது. ஓடும் போர்டில் முனை சறுக்கி 12 வோல்ட்டைப் பக்கத்துக் காலோடு தொட்டுவிட்டால் போர்டு அங்கேயே முடிந்தது. கறுப்பு முனையைக் கேபினெட்டில் திருகி வைத்துவிட்டு, ஒரு கையை மட்டும் பயன்படுத்தினேன். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவில்லை, திறக்கவும் கூடாது. அதன் முதல் கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

அதைத் திறக்காமலே அதன் வோல்டேஜைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எதிலும் சொருகாமல் தொங்கும் ஒரு பழைய ஹார்டு டிஸ்க் கனெக்டரின் மஞ்சள் வயரைத் தொட்டுப் பார்ப்பது. அந்த வயரில் கரண்ட் ஓடாததால் அதில் வோல்டேஜ் இறங்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் என்ன இருக்கிறதோ அதையே காட்டும். ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற சோதனை நிரலை ஓட்டி பன்னிரண்டு கோருக்கும் முழு வேலை கொடுத்தேன். அந்த மஞ்சள் வயரில் 12.02 இருந்தது, லோடு ஏறியதும் 11.97. எஸ்எம்பிஎஸ் அசையவே இல்லை.

அடுத்து முதல் பிராசசருக்குப் போகும் எட்டு முனை கனெக்டர். அதன் முதுகுப் பக்கம், வயர் நுழையும் துளையில் முனையை விட்டேன். 11.92. சரி, அறுபது சென்டிமீட்டர் வயரில் இவ்வளவு இறங்கலாம். பிறகு அதே கனெக்டரை ஒட்டி போர்டில் நிற்கும் கபாசிட்டரின் கால். 11.53.

அண்ணன் மீட்டரை என் கையிலிருந்து வாங்கி, சிவப்பு முனையைக் கனெக்டர் முதுகிலும் கறுப்பு முனையைக் கபாசிட்டர் காலிலும் வைத்தார். 0.39. அரை விரல் தூரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட 0.4 வோல்ட் தின்னப்பட்டுக்கொண்டிருந்தது. 95 வாட் பிராசசர், விஆர்எம்மின் இழப்பும் சேர்த்தால் அந்த கனெக்டர் வழியாக ஒன்பது ஆம்ப்புக்கு மேல் போகும். 0.4-ஐ ஒன்பதால் பெருக்குங்கள்: மூன்றரை வாட்டுக்கு மேல் சூடு, சுண்டுவிரல் நகத்தளவு பிளாஸ்டிக்குக்குள்.

சர்வரை அணைத்து கனெக்டரைக் கழற்றினோம். வெளியிலிருந்து பார்க்க வெள்ளையாக இருந்த கனெக்டரின் உள்வாய் இரண்டு துளைகளைச் சுற்றி டீ கறை மாதிரி பழுப்பாக இருந்தது. போர்டில் நிற்கும் முனைகளில் இரண்டு பளபளப்பு போய் மங்கிக் கறுத்திருந்தன. உள்ளே பிடிக்க வேண்டிய பித்தளை நாக்கு சூட்டில் தளர்ந்து, கையால் ஆட்டினால் ஆடியது. மூக்கருகே கொண்டுபோனால் தீய்ந்த வாசனை.

அங்கேயே நின்று பழைய கதை முழுவதும் எனக்குப் புரிந்தது. ஏப்ரலில் பிராசசர் மாற்றியபோது இதே கனெக்டரைப் பிடுங்கித் திரும்பச் சொருகியிருந்தேன். சொருகும்போது உரசி முனைகள் கொஞ்சம் சுத்தமாகியிருக்கின்றன. மூன்று மாதம் தாங்கியது அதனால்தான். பிராசசர் மாற்றியதற்கும் சரியானதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரே நாளில் பத்து காரியம் செய்தேன், அதில் எது பலித்தது என்று பார்க்காமல் செலவழித்த காரியத்துக்குப் பெயரைக் கொடுத்துவிட்டேன். கழற்றி வைத்த பழைய பிராசசர்கள் இரண்டும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன.

விகோர் ஏன் கடைசிவரை நன்றாகவே காட்டியது என்பதும் அண்ணன் சொன்ன மோட்டார் கணக்கில் தெளிவாயிற்று. "வோல்ட் கொறஞ்சா மோட்டார் ஆம்ப் அதிகமா இழுக்கும், அதுலதான் காயில் போறது" என்பார். விஆர்எம்மும் அப்படித்தான். உள்ளே வரும் 12 வோல்ட் குறைந்தாலும் வெளியே 1.104-ஐ விடாமல் பிடித்துக்கொடுக்கும். அதற்காக உள்ளே அதிக ஆம்ப் இழுக்கும். ஆம்ப் கூடினால் கனெக்டரில் இன்னும் சூடு, சூடு கூடினால் பிடிப்பு இன்னும் தளர்வு. விகோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைசி நொடிவரை எல்லாம் நலம் என்றே தெரியும். பிராசசர் வோல்டேஜைப் படிக்க உட்கார்ந்தால் அதற்கு முந்தைய 12 வோல்ட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் இப்போது எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

11.5 வோல்ட்டில் ஏன் விழ வேண்டும், விஆர்எம் அதைவிடக் குறைவிலும் ஓடுமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மீட்டர் காட்டுவது சராசரி, பிஎம்சி காட்டுவது அவ்வப்போது எடுக்கும் ஒரு அளவு. தளர்ந்த முனை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் தொடர்பை விட்டுப் பிடித்தால் அது இரண்டிலுமே தெரியாது, ஆசிலாஸ்கோப் வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆனால் சரிசெய்த பிறகு ஒருமுறைகூட விழவில்லை என்பது எனக்குப் போதுமான சாட்சி.

சரிசெய்தது எப்படி என்றால், காந்திபுரத்தில் போர்டு சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் போர்டைக் கொடுத்து அந்த எட்டு முனை சாக்கெட்டைப் புதிதாக மாற்றிச் சால்டர் வைக்கச் சொன்னேன். எஸ்எம்பிஎஸ் பக்கம் வயரின் எரிந்த நுனியை வெட்டிவிட்டு எட்டுக்கும் புது டெர்மினல் வைத்து அண்ணனே கிரிம்ப் செய்தார். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே தள்ளினார். பழைய நாக்கையே நெம்பி இறுக்கினால் போதாதா என்று கேட்டேன். சூடு பட்டுத் துவண்ட பித்தளைக்கு ஸ்பிரிங் திரும்ப வராது என்றார். சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்; மேல் பூச்சு போய்விட்டால் சீக்கிரமே மறுபடி கறுக்கும். புது சாக்கெட்டோடு முழு லோடில் போர்டு காட்டியது 11.872. கனெக்டரின் இரண்டு பக்கமும் மீட்டர் வைத்தால் 0.03.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. என் போர்டில் 12 வோல்ட் சென்சார் முதல் பிராசசரின் கனெக்டர் பக்கத்திலிருந்து அளக்கிறது என்பதால்தான் வரைபடத்திலேயே பிடிபட்டது. மீட்டரையும் ஐபிஎம்ஐ எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். பல போர்டுகளில் 24 முனை பெரிய கனெக்டர் வழியாக வரும் 12 வோல்ட்டும், பிராசசருக்குத் தனியாகப் போகும் 12 வோல்ட்டும் போர்டுக்குள் சேர்வதே இல்லை. சென்சார் பெரிய கனெக்டர் பக்கம் இருந்தால், பிராசசர் கனெக்டர் எரிந்துகொண்டிருந்தாலும் ஐபிஎம்ஐ 12.03 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டாவது பிராசசரின் கனெக்டர் விஷயத்தில் என் நிலைமையும் அதுதான். அங்கே மீட்டரைத் தவிர வேறு வழியில்லை.

இதற்குப் பிறகு தெரிந்தவர்கள் தங்கள் சர்வர் எண்களை எனக்குப் படமெடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஒரு கல்லூரி லேப் தம்பி, விகோர் 1.8 வோல்ட் காட்டுகிறது, பிராசசர் கருகிவிடுமா என்று பதறி அனுப்பினார். அவருடையது 2014-ல் வந்த ஜியான் ஈ5 வி3 வரிசை. அந்தத் தலைமுறையில் கடைசிக் கட்ட விஆர்எம் பிராசசருக்குள்ளேயே போய்விட்டது. வெளியிலிருந்து 1.8 வோல்ட் அளவில் உள்ளே கொடுப்பார்கள், கோர்களுக்கு வேண்டியதை அதுவே உள்ளே இறக்கிக்கொள்ளும். அதற்கு 1.8 சரியான எண். எக்ஸ் 5650-க்கு 1.8 போனால் அதோடு அது முடிந்தது. எண் ஒன்று, பிராசசர் வேறு. முதலில் எந்தத் தலைமுறை என்று கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

இன்னொருவர் வரி வரியாக எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டார். அதில் உண்மையில் கவனிக்க வேண்டியிருந்தது போர்டு பேட்டரி மட்டும்தான், 2.5 வோல்ட். 3 வோல்ட் பட்டன் செல் மாற்றினார், முடிந்தது. பயாஸ் நேரம் தினமும் பின்னால் போகிறது என்று அவர் புலம்பியதும் அதோடு நின்றது.

பதிவு செய்யும் அந்த ஸ்கிரிப்ட் இன்றும் ஓடுகிறது, பத்து நொடிக்குப் பதில் நிமிடத்துக்கு ஒருமுறை. ஓகே, ஓகே இல்லை என்பதை நான் பார்ப்பதில்லை. சும்மா இருக்கும்போது 12 வோல்ட் எவ்வளவு, முழு வேலையில் எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணை மாதத்துக்கு ஒன்றாக எடுத்து வைக்கிறேன். இப்போது 0.106, அதாவது இரண்டு படி. அது நான்கு படி ஆனால் எனக்கு மெயில் வரும்.

அந்த வருடம் அக்டோபரில் ஆயுத பூஜைக்கு மில்லை நிறுத்திச் சுத்தம் செய்தார்கள். மிஷின்களுக்குக் காற்றடித்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் நாள். சர்வரையும் திறந்து பஞ்சு எடுத்தோம். சுத்தம் முடிந்ததும் லோடு ஏற்றி இரண்டு கனெக்டர்களிலும் மீட்டர் வைத்தோம். முதல் பிராசசர் 0.03, இரண்டாவது 0.05. மோட்டார்களின் ஆம்ப், இன்சுலேஷன் எல்லாம் எழுதும் நீள நோட்டு ஒன்று அண்ணனிடம் உண்டு. கார்டிங், டிராயிங், சிம்ப்ளெக்ஸ் மோட்டார்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி போட்டு, சர்வர் என்று எழுதி, அந்த இரண்டு எண்களையும் தேதியோடு குறித்துக்கொண்டார்.